ஒன்பதாவது வீடு வெளியே போயிருக்கிறது

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி போன வருடத்தது. காலண்டர் அச்சகத்தில் மிஞ்சிப்போனதைப் பாண்டிமீனா கொண்டுவந்து கொடுத்தாள். தேதி சரி, கிழமைதான் பொய். அச்சிட்ட கிழமையை அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதிக்கொள்கிறேன். அடித்துத் திருத்துவது எனக்குப் பிடித்த வேலைதான்.

முதல் பக்கத்தை நிரப்பியாயிற்று. பெயர்: செண்பகவல்லி. வேலை: கிளை நூலகர். வயது: ஐம்பத்தாறு. அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

நூலக வாசலில் உள்ள கரும்பலகையில் வாரம் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்து எழுதுவது என் வழக்கம். பதினாறு வருடமாக எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. இன்று கோபம் வந்து இப்படி எழுதினேன்:

"பதினொரு வீட்டு ராசம்மா. நாவல். பெரிய விருது வாங்கியது, அதை விடுங்கள். ஒரே பெண், பதினொரு வீடு, பதினொரு சிறுகதை. ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கலாம். ஒன்றை மட்டும் படித்துவிட்டு ராசம்மாவைத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இதைப் படிக்காதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. இப்படிக்கு, நூலகர்."

ஜூன் 5, வியாழன்

கடைசி வரி வேலை செய்துவிட்டது. பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இருப்பது ஒரே பிரதி. அதுவும் ஞானதுரை அய்யாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். இருபத்து மூன்று நாளாக நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறார்.

"அய்யா, கொஞ்சம் வெரசாப் படிங்க. வரிசையில ஆள் நிக்குது."

"ஏம்மா, இது என்ன தந்தியா? நிதானமாத்தான் படிக்கணும்."

இந்தக் கணக்கில் போனால் பதினான்காவது ஆளுக்குப் புத்தகம் கிடைக்கும்போது நான் ஓய்வுபெற்றிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்று மேலிடத்துக்குப் போன் செய்தேன். கிளை நூலகத்துக்கு ஒரு தலைப்புக்கு ஒரு பிரதிதானாம். அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

சாம்பார் மிஞ்சிவிட்டது. ஒருத்திக்கு மட்டும் வைக்க இன்னும் கை பழகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. ஞானதுரை அய்யா வீட்டுக்கே போய்ப் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். நேராகப் பாண்டிமீனா வீடு. அவள் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கிறவள். எதைச் சேர்க்கவும் தெரியும், எதைப் பிரிக்கவும் தெரியும்.

"யக்கா, நெசமாத்தான் சொல்றீகளா? நூலகத்துப் புத்தகம்க்கா இது."

"பதினொரு கதை இருக்கு. பதினாலு பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் கையில இருந்து மத்தவங்க காத்துக்கிடக்கணும்னு என்ன தலையெழுத்து? பிரி."

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிப் புத்தகத்தின் முதுகில் வைத்தாள். பசை இளகியது. தாள்களை அலுங்காமல் உரித்து எடுத்தாள். இரண்டு இடங்களில் ஒரே தாளின் முன்பக்கம் ஒரு கதை முடிந்து பின்பக்கம் அடுத்தது தொடங்கியது. அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தோம். அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்கள்தான் அட்டை. முதல் வீட்டுக்கு முருகன், இரண்டாவது வீட்டுக்கு ரோஜாப்பூ, மூன்றாவதுக்குக் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. ஒன்பதாவதுக்குக் குற்றாலம் அருவி வந்தது.

ஒவ்வொன்றிலும் பதிவு எண்ணை எழுதினேன். 18846/1 முதல் 18846/11 வரை. முப்பது வருட வேலையில் ஒரு புத்தகத்தின் பக்க ஓரத்தைக்கூட மடிக்க விடாதவள் நான்.

ஜூன் 15, ஞாயிறு

பத்து பேருக்குப் பத்து வீடுகளைக் கொடுத்தேன். வரிசைப்படி கொடுக்கவில்லை. கைக்கு வந்ததை நீட்டினேன். ஒரு வாரத்தில் திருப்பித் தந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஒன்பதாவதை இவர்களில் யாருக்கும் கொடுக்கவில்லை. 'வெளியே போயிருக்கிறது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மதியம் தபால் நிலையத்தில் ஒரு வேலை. கோயம்புத்தூருக்கு விரைவுத் தபால் இரண்டு நாளில் போய்விடுமாம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நூலகத்தில் சண்டை. 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழேயே நடந்தது. என் பணிக்காலத்தில் இவ்வளவு சந்தோஷமான நாள் வந்ததில்லை.

ஞானதுரை அய்யாவுக்கு மூன்றாவது வீடு கிடைத்திருந்தது. வந்ததும் வராததுமாகத் தீர்ப்பு எழுதினார்.

"அந்த ராசம்மா திருடி. மாமியாரோட வளையலக் காணோம். அன்னைக்கு அந்த வீட்டுக்கு வந்துட்டுப் போனது அவ ஒருத்திதான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆறாவது வீட்டைப் படித்திருந்த பாண்டிமீனா பாய்ந்துவிட்டாள்.

"யாரு திருடி? சொந்தமுமில்ல பந்தமுமில்ல, படுத்த படுக்கையாக் கெடந்த ஒரு கெழவிக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ அவ. அவளப் போயித் திருடின்னா நாக்கு அழுகிரும் அய்யா."

"அப்ப வளையல் எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? என் கதையில வளையலே இல்ல!"

அரசுத் தேர்வுக்குப் படிக்க வரும் எஸ்தர் மூலையிலிருந்து கையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் சண்டைய நிப்பாட்டுங்க. வளையல் எங்கிட்டதான் இருக்கு. நாலாவது வீட்ல வருது."

இரண்டு பேரும் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடிக்க ஓடினார்கள். நான் மேசையைத் தட்டி, "வரிசை, வரிசை" என்று கத்தினேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இந்த நாவலை எழுதியவர் இதைத்தான் செய்திருக்கிறார். ஒரு வீட்டில் அவள் கள்ளி, அடுத்த வீட்டில் தெய்வம், இன்னொரு வீட்டில் வாசலோடு போகிற ஒரு நிழல். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்தால்தான் அவள் ஆளாக எழுந்து நிற்கிறாள். பலகையில் எத்தனை வரி எழுதினாலும் இதை விளங்கவைத்திருக்க முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

ஞானதுரை அய்யா நாளிதழை விரித்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வாசகர் கடிதம் பகுதி. "ஒரே நூலைப் பதினொன்றாகப் பிரித்து ஒரே சமயத்தில் பலருக்கும் வழங்கிவரும் எங்கள் கிளை நூலகர் செண்பகவல்லியின் புதுமை பாராட்டத்தக்கது. மற்ற நூலகங்களும் இதைப் பின்பற்றுமா?" கீழே அவர் பெயர், அஞ்சல் அதிகாரி (ஓய்வு), எங்கள் ஊர்.

குடிதண்ணீர், தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று இருபது வருடமாக எழுதுகிறார். ஒரு அதிகாரியும் அசைந்ததில்லை. இதற்கு அசைவார்கள். மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லா எழுதியிருக்கீங்க அய்யா" என்றேன்.

ஜூலை 3, வியாழன்

அசைந்துவிட்டார்கள். மெமோ வந்திருக்கிறது. "பதிவு எண் 18846 கொண்ட நூலைத் தன்னிச்சையாகச் சிதைத்துச் சேதப்படுத்தியமைக்கு விளக்கம் கோரப்படுகிறது."

சிதைத்து. ஏழு வருடம் அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடக்கும் புத்தகங்களைப் பற்றி எந்த மெமோவும் வந்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆய்வாளர் தணிகைவேல் போன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை. வம்பு வேண்டாம் என்று வாழ்கிறவர்.

"மேடம், உங்களுக்கும் எனக்கும் என்ன பகையா? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. 'தவறுதான், இனி நடக்காது'ன்னு. பதினாறாம் தேதி ஸ்டாக் பாக்க வர்றேன். அதுக்குள்ள திரும்ப பைண்ட் பண்ணி முழுப் புத்தகமா அலமாரியில வச்சிருங்க. ஃபைல அன்னைக்கே மூடிர்றேன்."

"பைண்ட் பண்றது வேற சார். அந்த வரிய எழுத மாட்டேன்."

"எழுதலன்னா 17(அ) பிரிவுல ஒழுங்கு நடவடிக்கை வரும். முப்பது வருசமா சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஒரு கறை கிடையாது உங்களுக்கு. ஒரு நாவலுக்காகவா?"

"ஆமா சார். நாவலுக்காகத்தான்."

தவறு என்றால் தவறு என்று ஒப்புக்கொள்வேன். இது தவறில்லை. அது மட்டுமில்லை, அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஒரு இடத்திலும் சொல்லாமல்...

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஞானதுரை அய்யாவுக்கு மெமோ விஷயம் தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். கூடவே பாண்டிமீனாவும் வந்தாள்.

"யக்கா, ஒம்பதாவது மட்டும் வந்துட்டா ஒரு மணி நேரத்துல பைண்ட் பண்ணிருவேன். யார்ட்டக்கா இருக்கு? சொல்லுங்க, நான் போயி வாங்கிட்டு வாரேன்."

"யார் எதைப் படிக்கிறாங்கன்னு வெளிய சொல்றதில்ல."

"சரிம்மா, அது என்ன கதைன்னாவது சொல்லு" என்றார் அய்யா. "மத்த பத்தையும் ராப்பகலா உக்காந்து படிச்சுட்டேன். எட்டாவது வீட்ல ராசம்மா கையில பையோட கெளம்புறா. பத்தாவதுல தனியா ஒரு ரூமெடுத்து இருக்கா. நடுவுல என்ன ஆச்சு?"

"அம்மா வீட்டுக்கு வர்றா. புருசன் வீட்ல இருக்க முடியலங்கிறா. அம்மா வெந்நீர் போட்டுக் குளிக்க வைக்கிறா, சோறு போடுறா. மறுநாள் காலையில முத பஸ்ல ஏத்திக் கொண்டுபோய்ப் புருசன் வீட்லயே விட்டுட்டு வர்றா. அவ்வளவுதான்."

"இதுல என்ன கதை இருக்கு? எல்லா வீட்லயும் நடக்குறதுதான்."

நான் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எஸ்தர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். வெயில்தான் காரணம், வேறொன்றுமில்லை. நாளை மறுநாள் இரண்டாம் சனி, விடுமுறை. கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகும்.

ஜூலை 12, சனி

காலை பத்தே காலுக்கு போனில் ஒரு செய்தி வந்தது.

"பத்தாவது இருக்கா?"

இரண்டே வார்த்தை. அம்மா என்று இல்லை, நலமா என்று இல்லை. நான்கு வருடம் இரண்டு மாதம் கழித்துச் சுடர்விழி என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன். கிழமையே பொய்யாக இருக்கும் டைரியில் நானும் எத்தனை நாள் பொய் எழுதுவது? ஒன்பதாவது வீட்டை என் மகளுக்குத்தான் அனுப்பினேன். முகவரி என்னிடம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் சான்றிதழ்களை அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தாள், அது பேச்சில் சேர்த்தியில்லை. அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுத் தாள்கூட வைக்கவில்லை. இந்த முறையும் வைக்கவில்லை. கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தேன், அது என் வேலை.

கல்யாணமாகி ஆறாம் மாதம் அவள் ஒரு பையோடு வந்து நின்றாள். முழங்கைக்கு மேலே ஒரு தழும்பைக் காட்டினாள். நான் வெந்நீர் போட்டேன். சோறு போட்டேன். போகப்போகச் சரியாகும் என்றேன். மறுநாள் காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போனேன். பையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த மாதம் அவளாகவே அங்கிருந்து கிளம்பிக் கோயம்புத்தூர் போய் ஒரு வேலை தேடிக்கொண்டாள். என் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வர வேண்டும்?

இந்த நாவலை முதல்முறை படித்தபோது ஒன்பதாவது வீட்டில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் வீட்டுக்குள் எவனோ புகுந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் பத்தாவதைத் திறந்தேன்.

ஜூலை 14, திங்கள்

நாளை மறுநாள் ஸ்டாக் பார்க்க வருகிறார்கள். ஒன்பதாவதைத் திருப்பி அனுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும், கூரியரில் நாளைக்கே வந்துவிடும். பாண்டிமீனா பசையோடு காத்திருக்கிறாள்.

பத்தாவது வீட்டை உறையில் போட்டு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஒரு வாசகி அடுத்த கதையைக் கேட்கிறாள். இல்லை என்று சொல்வதற்கா என்னை நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்? இனி இரண்டு வீடு குறையும். குறையட்டும்.

ஜூலை 16, புதன்

தணிகைவேல் பதினொரு மணிக்கு வந்தார். நான் யாரையும் அழைக்கவில்லை. ஆனாலும் ஞானதுரை அய்யா, பாண்டிமீனா, எஸ்தர் மூவரும் முன்கூட்டியே வந்து செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிமீனா அரைநாள் லீவு போட்டிருந்தாள். அய்யா சலவைச் சட்டை போட்டிருந்தார்.

ஒன்பது புத்தகங்களை மேசையில் அடுக்கி வைத்தேன். அவர் முருகனைப் பார்த்தார், ரோஜாப்பூவைப் பார்த்தார்.

"மேடம், இது ஒரு புத்தகமா, பதினொரு புத்தகமா?"

"ஒண்ணுதான் சார்."

"பதினொண்ணுல ஒம்பதுதான் இருக்கு."

"ரெண்டு வெளிய போயிருக்கு. உறுப்பினர் எண் 212."

உறுப்பினர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பழைய பக்கம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள், அவளே உருட்டி உருட்டிப் போட்ட கையெழுத்து. வருடா வருடம் நான்தான் புதுப்பித்து வந்திருக்கிறேன்.

"சுடர்விழி. முகவரி உங்க வீட்டு முகவரியா இருக்கு. உங்க பொண்ணா?"

"வாசகர் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "மேடம், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. 'தவறுதான், இனி நடக்காது.' மூணே வார்த்தை. நான் வெளிய போய் டீ குடிச்சுட்டு வர்றேன். எழுதி வைங்க."

அவர் டீ குடிக்கப் போகவில்லை. மூன்றாவது வீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு பொதுவாகக் கேட்பதுபோல, "அந்த வளையல யார்தான் எடுத்தா?" என்றார்.

ஞானதுரை அய்யா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உறுப்பினர் ஆகுங்க சார், தெரியும்."

எஸ்தர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள்.

நான் எழுதிய விளக்கத்தைக் கொடுத்தேன். "பதிவு எண் 18846 சேதப்படுத்தப்படவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறையாக முழுவதும் வாசிக்கப்படுகிறது. இரு பகுதிகள் வாசகரிடம் உள்ளன. அவர் படித்து முடிக்கும்வரை திருப்பிக் கேட்க இயலாது. செண்பகவல்லி."

இரண்டு முறை படித்தார். "17(அ) வந்துரும் மேடம்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

"வரட்டும் சார். முப்பது வருசம் வெறுமனே கிடந்த ரிஜிஸ்டர்ல அதாவது ஒண்ணு இருக்கட்டும்."

ஜூலை 17, வியாழன்

மாலை நான்கு மணிக்குச் சுடர்விழியின் செய்தி. "படிச்சுட்டேன். பதினொண்ணுல அவ அம்மா வர்றாளா?"

வருகிறாள். பதினொன்றாவது வீட்டில் ராசம்மாவின் அம்மா அந்த அறையின் கதவைத் தட்டுகிறாள். உள்ளே ராசம்மா அடுப்பை அணைக்கிறாள். அதோடு நாவல் முடிந்துவிடுகிறது. கதவு திறந்ததா, இல்லையா, எழுதியவர் சொல்லவில்லை. இதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பதில் எழுதவில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது, தபாலில் அனுப்பவும் முடியாது.

ஜூலை 18, வெள்ளி

விடுமுறை நாள், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறினேன். இப்போது மதுரை தாண்டிவிட்டது. பஸ் ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. மடியில் பை இருக்கிறது. பைக்குள் பதினொன்றாவது வீடு இருக்கிறது. பாண்டிமீனா அதற்குப் போட்ட அட்டையில் படமே இல்லை, தேதி கட்டங்கள் மட்டும்தான்.

பயமாக இருக்கிறது. ஆய்வாளர் முன்னால் இல்லாத பயம். அவள் கதவைத் திறக்காமல் இருக்கலாம். திறந்து, போ என்று சொல்லலாம். சொன்னால் புத்தகத்தை வாசலில் வைத்துவிட்டு அடுத்த வெள்ளி மறுபடி வருவேன். அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மூணே வார்த்தை என்றார் தணிகைவேல். தவறுதான், இனி நடக்காது. அந்த வரியை அலுவலகத்துக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அதில் ஒரு பாத்தியமும் இல்லை. அது சுடர்விழிக்கு உரியது. அவளிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு போகிறேன்.